சம்மதக் கடிதம்

போன வருடக் கடைசியில் எங்கள் பாடசாலைச் சாரணர் குழுவின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, மிகவும் மரியாதையாக ஒரு யோசனை சொன்னார். "ஜனாதிபதி விருதுக்குப் போகிற பிள்ளைகள் இரவு வெளியில் தங்கி நடைபயணம் செய்ய வேண்டும் என்கிறீர்கள். அதைப் பாடசாலை மைதானத்திலேயே வைத்தால் என்ன? கூடாரம் அடிக்கட்டும், சமைக்கட்டும், மைதானத்தைச் சுற்றி எத்தனை மைல் வேண்டுமோ அத்தனை மைல் நடக்கட்டும். நாங்களும் கேற்றடியில் இருப்போம். பிள்ளைகளுக்கும் பயம் இல்லை, எங்களுக்கும் பயம் இல்லை." கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் தலையாட்டினார்கள். என் அக்காவும் தலையாட்டினாள். அவளுடைய மகன்தான் அந்த முறை நடைக்குப் போக வேண்டிய மூன்று பெடியன்களில் ஒருவன்.

உதவிச் சாரண ஆசிரியர் என்ற முறையில் நான் அன்றைக்கு ஏதோ பதில் சொன்னேன். விதிமுறையில் இடமில்லை, மாவட்ட ஆணையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற மாதிரி. அது உண்மைதான். ஆனால் விதிமுறையைக் காட்டி ஒரு தகப்பனின் பயத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே உறைத்தது. மைதானத்தில் ஏன் வைக்கக் கூடாது? அந்தக் கேள்வி மாதக்கணக்காக என்னோடு இருந்தது. அதற்கு என்னிடம் இப்போது உள்ள பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாரணியத்தில் இருந்தவர்களுக்கு இந்த விருதுக்கான படிகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்னம் சூட்டி உறுதிமொழி எடுப்பதில் தொடங்கி, சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் நாடா, பிரதம ஆணையாளர் விருது என்று ஏறிப்போனால் உச்சியில் இருப்பது ஜனாதிபதி சாரணர் விருது. எல்லாம் 18 வயதுக்குள். முடிச்சுகள், முதலுதவி, சமையல், வரைபடம், சமூக சேவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதகர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையொப்பம். கடைசியில் கொழும்பு சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிற தலைமையகம் வரைக்கும் கோப்பு போய்ச் சேர வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவனுக்கு நேரம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவன் சாதாரண தரப் பரீட்சையோடும் பிறகு உயர் தரத்தோடும் போட்டி போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பாதியில் நின்றுபோனவர்களில் அநேகர் திறமை இல்லாமல் நின்றவர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ரியூசன் வகுப்பு அவர்களை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தக் கையொப்பங்கள் எல்லாம் பிள்ளை உழைத்து வாங்குபவை. ஒன்று மட்டும் வேறு மாதிரி. இரவு நடைக்குப் போவதற்கு முன் தாயோ தகப்பனோ எழுதித் தரும் சம்மதக் கடிதத்தில் உள்ள கையொப்பம். அதற்குப் பிள்ளை எதுவும் செய்ய முடியாது. மட்டக்களப்பில் இந்த விருதுக்கான மிகக் கடினமான படி அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் படியை ஏற வேண்டியவர்கள் பெரியவர்கள்.

காக்கியும் கயிறும்

அந்தத் தகப்பன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் நானும் ஒரே காலத்துப் பெடியன்கள். நான் சாரணனாக இருந்தது தொண்ணூறுகளில். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை ஒருவர் கையிலும் அந்தப் பக்கம் படுவான்கரை இன்னொருவர் கையிலுமாக மட்டக்களப்பு இரண்டாகக் கிடந்தது. ஒரு சாரணன் நடைக்குப் போகும்போது பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்கள் சாரண ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். கயிறு, பேனாக்கத்தி, ரோச் லைற், விசில், திசைகாட்டி, வரைபடம். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும்போதே எங்களுக்குத் தெரியும், இதில் எதையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு காவலரணைத் தாண்ட முடியாது என்று. கத்தியை விடுங்கள். ஒரு பதினைந்து வயதுத் தமிழ்ப் பெடியனின் பையில் வரைபடமும் திசைகாட்டியும் இருந்தால் அதற்கு அவன் என்ன விளக்கம் சொல்வான்? போதாக்குறைக்கு உடம்பில் காக்கிச் சட்டை. அணிவகுப்பு நாட்களில் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்ப் பாடசாலையில்தான் மாற்றுவோம். பின்னேரம் திரும்பவும் கழற்றி வைத்துவிட்டு வருவோம்.

சேர் சும்மா இருக்கவில்லை. வெளியே போக முடியாவிட்டால் உள்ளே படிப்போம் என்றார். பாடசாலை வளவை எங்கள் காலடியால் அளந்து வரைபடம் கீற வைத்தார். கிணறு, கொய்யாமரம், ஆய்வுகூடத்துப் பின்சுவர், தண்ணீர்த் தாங்கி. கண்ணைக் கட்டிவிட்டு கிணற்றடியிலிருந்து இத்தனை அடி வடக்கே, இத்தனை அடி கிழக்கே என்று நடக்கச் சொல்வார். அந்த வளவை இன்றைக்கும் என்னால் இருட்டில் நடக்க முடியும். ஆனால் இரவு நடை என்ற படி வந்தபோது எங்கள் குழுவில் யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அந்த வருடங்களில் எங்களில் ஒருவருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை. அதற்கு யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சாரணர்கள் ஒன்றும் செய்யாதவர்கள் அல்ல. பாடசாலைகள் அகதி முகாம்களானபோது பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியதும், கிணறு இறைத்ததும், வயோதிபர்களைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்ததும் நாங்கள்தான். பிறகு 2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது நாவலடி, கல்லடி, திருச்செந்தூர்ப் பக்கம் முதலில் ஓடியவர்களில் எங்கள் பழைய சாரணர்களும் இருந்தார்கள். முதலுதவிச் சின்னத்துக்காகப் படித்ததை அன்றைக்குப் பயன்படுத்தியவர்களை எனக்குத் தெரியும். எந்தப் பாடத்திட்டத்தில் இருந்ததையும் விட அதிகம் செய்தவர்கள் அவர்கள்.

அதனால்தான் மைதான யோசனை எனக்கு முதலில் நியாயமாகவே பட்டது. விருது இல்லாமலே நாங்கள் வளரவில்லையா? வளவுக்குள்ளேயே எல்லாவற்றையும் படிக்கவில்லையா? பிறகு ஏன் இந்தப் பிள்ளைகளை யானை நடமாடுகிற ஊருக்குள் இரவில் அனுப்ப வேண்டும்?

இதை அப்படியும் இப்படியும் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. எங்களுக்குத் தைரியம் குறைவாக இருக்கவில்லை. வெளியே போகாமலும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து போனோம், ஓடிப் போனோம், தேடிப் போனோம். இருட்டில் வயல்வரம்பில் நடந்து பழகாத பெடியன் எங்களில் எவனும் இல்லை. ஆனால் அதில் ஒரு நடையைக்கூட நாங்களாக யோசித்து, இன்ன வழியால் போவேன், இன்ன இடத்தில் தங்குவேன், நாளை இத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனதில்லை. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து, கண்டதை உட்கார்ந்து எழுதியதும் இல்லை. இரவு நடையில் இருப்பது இந்த இரண்டும்தான். போவதைத் தானே தீர்மானிப்பது, சொன்னபடி வந்து சேர்வது. போர்க்காலம் எங்களிடம் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். மைதானத்தைச் சுற்றி நடக்கிற பிள்ளைக்கு இதில் எதுவும் கிடைக்காது. அவன் எங்கேயும் போகவில்லை, ஆகவே திரும்பி வரவும் முடியாது.

இது இன்றைக்கு நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1907 இல் பிரவுன்சீ தீவில் முதல் சாரணர் பாசறையை நடத்திய பேடன் பவல், அடுத்த வருடம் வெளியிட்ட கைநூலிலேயே முதல்தரச் சாரணனுக்கு ஒரு பயணத்தை வைத்தார். தனியாகவோ இன்னொரு சாரணனோடோ, நடந்தோ படகு வலித்தோ, ஏழு மைல் தூரத்தில் இருக்கிற ஓர் இடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, அதைப் பற்றிச் சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பெரியவர் போவதாக அதில் இல்லை. 1912 இல் மாத்தளையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இந்த நாட்டுக்குச் சாரணியத்தைக் கொண்டுவந்தார். உச்ச விருதின் பெயர் அரசர் சாரணர் என்று இருந்து, அரசியார் சாரணர் ஆகி, 1972 இல் நாடு குடியரசான பிறகு ஜனாதிபதி சாரணர் ஆனது. பாடத்திட்டம் எத்தனையோ தடவை மாறியும் அந்தப் பயணம் ஏதோ ஒரு வடிவில் நிற்கிறது. அமெரிக்காவில் உச்ச விருதான ஈகிள் சாரணருக்கும் 18 வயதுதான் எல்லை. அங்கே 21 சின்னங்களோடு, ஒரு சேவைத் திட்டத்தைப் பிள்ளை தானே திட்டமிட்டு மற்றவர்களை வழிநடத்தி முடிக்க வேண்டும். எந்த நாட்டிலும் ஓர் இடத்தில் பெரியவர்கள் கையை எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

அக்கா

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ சொல்றது சரி தம்பி. ஆனா நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றாள். அத்தோடு கதை முடிந்தது. மருமகன் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமனின் சொல்லுக்கு ஓர் எடை உண்டு. அதை வைத்து அவளை வற்புறுத்த எனக்கு விருப்பம் இல்லை. அப்படி வாங்குகிற கையொப்பத்துக்கு அர்த்தமும் இல்லை.

அவள் ஏன் மாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் தெரிவு செய்திருந்த வழி குருமண்வெளியில் தொடங்குகிறது. அங்கிருந்து பாதையில், அதாவது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் இரும்பு மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூர். அந்தத் துறையில் அக்கா சிறுமியாக நின்றிருக்கிறாள். அண்ணா நெல் எடுத்து வருகிறேன் என்று சைக்கிளோடு அக்கரைக்குப் போனவர், சண்டை மூண்டு அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். கிழமைக்கணக்கில் தகவல் இல்லை. அம்மாவால் நடக்க முடியாது என்பதால், துறையில் போய் நின்று வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிற வேலை அக்காவுக்கு. அண்ணா திரும்பி வந்துவிட்டார், இன்றைக்கும் இருக்கிறார். ஆனால் அக்கா அதற்குப் பிறகு அந்தத் துறைக்குப் போனதே இல்லை. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குக்கூட பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் போவாள்.

நடைக்கு முன் வழியை நேரில் பார்த்து வருவது பொறுப்பானவர்களின் வேலை. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காகப் புறப்பட்டபோது, "அக்கா, நீயும் வா. கையெழுத்து வைக்க வேண்டாம். சும்மா வந்து பார்" என்றேன். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

துறையில் பாதை வரும்வரை அவள் ஒன்றும் கதைக்கவில்லை. மறுகரையில் ஏறியதும் ஆள் மாறிவிட்டாள். நான் குறிப்பெடுக்க வந்தவன், அவளோ விசாரணைக்கு வந்தவள் மாதிரி. கோயிலடியில் பூ விற்கிற அம்மாவிடம் இரவில் தெருவிளக்கு எத்தனை மணிவரை எரியும் என்று கேட்டாள். வெல்லாவெளி வீதியில் கடை வைத்திருப்பவரிடம் கடைசி பஸ் எப்போது என்று கேட்டாள். கிராம சேவகரின் வீட்டைத் தேடிப் போய் அவருடைய போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். பெடியன்கள் கூடாரம் அடிப்பதற்குப் பார்த்து வைத்திருந்த சூடடிக்கும் களத்துக்குப் போனபோது அங்கே வயல்காரர் இருந்தார். எழுபது வயது இருக்கும். அவரிடம்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டாள்.

"ஐயா, இஞ்ச ஆனை வாறதா?"

"வாறதுதான் புள்ள. அறுவடை முடிஞ்சா இந்தப் பக்கம் குறைவு. அங்கால அந்தப் பத்தையடியாலதான் இறங்கும்" என்று கையைக் காட்டினார். பிறகு களத்தின் மற்றப் பக்கத்தில், வீடுகளுக்குக் கிட்ட, ஒரு வாகைமரத்தைக் காட்டி, கூடாரம் அங்கேதான் அடிக்க வேண்டும், நெல் மூட்டையோ வாழைக்குலையோ உப்போ பக்கத்தில் வைக்கக் கூடாது, மிச்சச் சாப்பாட்டைப் புதைக்க வேண்டும் என்றார். யானை வெடி தன்னிடம் இருக்கிறது, பெடியன்கள் தொடக்கூடாது, சத்தம் கேட்டால் எழும்பித் தன் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். நாங்கள் குறித்து வைத்திருந்த இடம் பத்தையடிக்குக் கிட்ட இருந்தது. அதை அந்த நேரத்திலேயே மாற்றினோம். அக்கா கேட்டிருக்காவிட்டால் அவர் அதைச் சொல்லியிருப்பாரோ தெரியாது.

மிதிவெடியைப் பற்றியும் கேட்டாள். 2017 இல் மட்டக்களப்பு மிதிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டதை நான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் வயல்காரரைப் பார்த்தாள். அவர், "என்ட மாடு எல்லா இடமும் போகுது புள்ள" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது.

கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. அச்சடித்த படிவம் ஒன்று இருக்கிறது, பெயரையும் திகதியையும் நிரப்பிக் கையொப்பம் வைத்தால் போதும். அக்கா அதைத் தொடவில்லை. கோடு போட்ட தாளில் தன் கையால் எழுதியிருந்தாள். மகனுடைய பெயர், போகும் வழி, தங்கும் இடம், வயல்காரர் வீடு, கிராம சேவகரின் இலக்கம், திரும்பும் நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் ஒரு வரி: "இரவு எட்டு மணிக்குப் பின் நான் அவனுக்குப் போன் எடுக்க மாட்டேன்." அதற்குக் கீழே கையொப்பம். பரிசோதகர்கள் அந்த வரியைக் கவனித்திருக்க மாட்டார்கள். அது விதிமுறையில் இல்லாத ஒன்று. நான் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் மைதானக் கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதிலை அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். பிள்ளையை விடுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவதில்லை. போய்ப் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, இடத்தை மாற்ற வேண்டுமானால் மாற்றி, அதற்குப் பிறகு விடுவது. விட்டபின் எட்டு மணிக்குப் போனைக் கீழே வைப்பது.

லொக் புத்தகம்

பங்குனியில் மூன்று பெடியன்களும் போய் வந்தார்கள். குருமண்வெளியால் மண்டூர், மண்டூரில் இருந்து வெல்லாவெளிப் பக்கம், களத்தில் இரவு, மறுநாள் போரதீவால் வந்து பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடி. யானை வரவில்லை. பெரிய சாகசம் எதுவும் நடக்கவில்லை. ஒருவனுக்குக் குதிக்கால் பொக்களித்தது. விறகு பனியில் ஈரமாகிப் புகைந்ததால் பருப்பு வேகச் சாமம் ஆகிவிட்டது. நடந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் மருமகனின் லொக் புத்தகத்தின், அதாவது நடையில் கண்டதையும் செய்ததையும் எழுதிக் கொடுக்கும் பதிவேட்டின், முதல் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறையில் பாதை புறப்பட்டதும் திசைகாட்டியை எடுத்து மண்டூர்க் கோபுரத்துக்குக் கோணம் எடுத்திருக்கிறான். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. இன்னொரு தடவை எடுத்திருக்கிறான், இரண்டு அடி தள்ளி நின்று. இப்போது வேறொரு எண். அவன் கையிலிருந்தது புதுத் திசைகாட்டி. மற்ற இருவரும் அது பழுது என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் நின்று யோசித்துவிட்டு, காலுக்குக் கீழே இருப்பது இரும்புத் தகடு என்பதைப் பிடித்திருக்கிறான். கரையில் இறங்கி, மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்து, மணலில் தனியே நின்று மறுபடி எடுத்திருக்கிறான். மூன்று எண்களையும் எழுதி, முதல் இரண்டையும் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் "இரும்பு" என்று மட்டும் எழுதியிருந்தான். அழித்து எழுதவில்லை.

இரும்புக்குக் கிட்டத் திசைகாட்டியின் முள் பிசகும் என்பது விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் சேரும் தொண்ணூறுகளில் சொல்லித் தந்தார். எனக்கும் தெரியும். ஆனால் ஓடுகிற பாதையின் மேல் நின்று, கையிலிருக்கிற கருவியும் கண்ணால் காண்கிறதும் ஒத்துவராதபோது எதை நம்புவது என்று முடிவெடுத்தவன் நான் அல்ல, அவன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருந்தால் உடனே சொல்லிக் கொடுத்திருப்பார். நான் இருந்திருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

இதனால்தான் இரவல் லொக் புத்தகம் என்ற பழக்கத்தைக் கேள்விப்படும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. முந்தைய வருடம் போனவனின் புத்தகத்தை வாங்கி, படங்களை மாற்றி, திகதியை மாற்றி எழுதிக் கொடுப்பது. சில பெற்றோர் அதை ஓர் உதவி போலவே கேட்கிறார்கள். "சேர்ட்டிபிகேற் வந்தாச் சரி, நாளைக்கு நேர்முகப் பரீட்சையில் காட்டலாம்" என்கிறார்கள். அவர்களுடைய கவலை பொய் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி வேண்டும், அது கிடைக்காதவனுக்கு வேலை தேடும் கோப்பு கனமாக இருக்க வேண்டும். ஜனாதிபதியின் கையொப்பம் உள்ள ஒரு தாள் அந்தக் கோப்பில் இருந்தால் நல்லதுதான். ஆனால் இரவல் புத்தகத்தில் மூன்று எண்கள் இருக்காது. சரியான ஓர் எண் மட்டும் இருக்கும். வெட்டுப்பட்ட இரண்டு எண்களுக்காகத்தான் நாங்கள் ஒரு பிள்ளையை வாவியின் அக்கரைக்கு அனுப்புகிறோம். அவை இல்லாத கோப்புக்கு நான் பரிந்துரை எழுத மாட்டேன். இதைப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் என்னோடு இப்போது அவ்வளவாகக் கதைப்பதில்லை.

ரியூசனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடைக்கு ஒரு சனி, ஞாயிறு போகிறது. அதற்கு முன்னான ஆயத்தத்துக்கும் பின்னான எழுத்துக்கும் சில பின்னேரங்கள். ரியூசன் ஆசிரியர்களில் ஒருவரிடம் நேரே போய்க் கேட்டேன், அந்த ஞாயிறு வகுப்பை மூன்று பேருக்கும் வேறொரு நாள் எடுக்க முடியுமா என்று. உடனே ஓம் என்றார். அவரும் பழைய சாரணர். கேட்டால் கிடைக்கிற உதவிகள் இந்த ஊரில் நாங்கள் நினைப்பதை விட அதிகம். கேட்பதற்கு முன்பே முடியாது என்று முடிவெடுத்துவிடுகிறோம்.

மருமகனுடைய கோப்பு இப்போது மாவட்டத்தில் இருக்கிறது. இன்னும் சில சின்னங்கள் மிச்சம், 18 வயதாக அவனுக்கு நேரமும் இருக்கிறது. கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் வேறொரு விடயம் வந்திருக்கிறது. படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் சாரண ஆசிரியர் போன வாரம் போன் எடுத்தார். அவருடைய பெடியன்கள் நால்வரும் இரவு நடைக்குத் தயார். வயலும் குளமும் அவர்களுக்குப் பழகிய இடங்கள், யானையை நாங்கள் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே பழகாத இடத்துக்கு, எழுவான்கரைக்கு அனுப்ப நினைக்கிறார். மண்முனைப் பாலத்தால் வந்து, காத்தான்குடி, கல்லடி என்று கரையோரமாக நடந்து, பாலமீன்மடுக் கலங்கரை விளக்கடியில் முடிக்கிற மாதிரி ஒரு வழி. ஆனால் தாய்மார் கையொப்பம் வைக்க மறுக்கிறார்கள். அவர்களுக்குப் பயம் கடல். இரவில் கடலோரத்தில் பிள்ளைகளைப் படுக்க விட அவர்களால் முடியாது. 2004 ஐக் கண்டவர்கள் யாராலும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தத் தாய்மாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டி வரச் சொல் என்றாள். கல்லடியில் தெரிந்த குடும்பம் ஒன்றின் வளவு இருக்கிறது, கடலில் இருந்து உள்ளே தள்ளி, மாடி வீடு. அங்கே கூடாரம் அடிக்கலாமா என்று அவளே விசாரித்திருக்கிறாள். கரையிலிருந்து மேட்டுக்கு எந்த ஒழுங்கையால் ஓட வேண்டும், அதற்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதை அந்தத் தாய்மாரோடு தானும் நடந்து பார்க்கப் போகிறாளாம். ஆவணி விடுமுறையில் நடை. அதற்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வான் பிடிக்க வேண்டும், ஆறு பேர் வருகிறார்கள்.